பவளக்கால் உள்ளான் நின்ற இடம்

(வீராணம் ஏரிக்கரையில் உள்ள ஊர் ஒன்றின் நூலகத்தில், ஜனவரி மாதத்து ஞாயிறு மாலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, முன்னால் பாயில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம்.

உங்கள் ஏரியைப் பற்றி உங்களிடமே பேச வந்திருக்கிறேன். நீங்கள் பிறந்தது முதல் இந்தக் கரையில் நடந்தவர்கள். நான் பள்ளியில் அறிவியல் பாடம் நடத்திவிட்டு, ஓய்வு பெற்ற பிறகு தொலைநோக்கியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஏரி ஏரியாகச் சுற்றுகிறவன். நான் சொல்வதில் பிழை இருந்தால் இங்கேயே எழுந்து சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

வீராணத்தின் பெருமையை நான் விரித்துச் சொல்லத் தேவையில்லை. பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டிய ஏரி. வீரநாராயணன் என்ற அவனுடைய பட்டப்பெயரே தேய்ந்து வீராணம் ஆனது. காவிரி நீர் கொள்ளிடத்தில் இறங்கி, அணைக்கரையில் உள்ள கீழணையில் தேங்கி, வடவாறு வழியாக இங்கே வருகிறது. மேற்கே செங்கால் ஓடையும் கருவாட்டு ஓடையும் மழைநீரைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. பல நூறு ஆண்டுகள் வயலுக்கு மட்டுமே பாய்ந்த தண்ணீர், 2004ஆம் ஆண்டு முதல் குழாய் வழியாகச் சென்னைக்கும் போகிறது. பூதங்குடியில் இறைத்து, வடக்குத்தில் சுத்திகரித்து, இருநூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளிக்கொண்டு போகிறார்கள். நாள் ஒன்றுக்குப் பதினெட்டு கோடி லிட்டர் என்பது அந்தத் திட்டத்தின் அளவு. போரூர்ப் பக்கம் ஒரு வீட்டில் குழாயைத் திறக்கிறவருக்கு இந்த ஊரின் பெயர் தெரியாமல் இருக்கலாம். ஆனால் அவர் வீட்டுக் குடத்தில் இருப்பது உங்கள் ஏரித் தண்ணீர். உங்களுக்கும் இதுவே குடிநீர். ஏரியில் தண்ணீர் நின்றால்தான் கரையோர ஊர்களின் கைப்பம்பில் ஊற்று மேலே வரும்.

இந்த ஏரியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதை நமக்கு யார் சொல்கிறார்கள்? காலையில் செய்தித்தாளைப் பிரித்தால் இருக்கும்: வீராணம் ஏரி, மொத்த உயரம் 47.50 அடி, முழுக் கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி, இன்றைய நீர்மட்டம் இவ்வளவு. அந்த 47.50 அடி என்பது ஏரியின் ஆழம் என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது, அது கடல் மட்டத்திலிருந்து கணக்கிடுகிற உயரம். நீர்மட்டம் நாற்பது அடிக்குக் கீழே இறங்கினாலே, சென்னைக்குத் தண்ணீர் அனுப்ப முடியுமா என்ற கவலை செய்தியில் வந்துவிடும். அளவுகோல் தண்ணீரின் மேல்மட்டத்தைச் சரியாகச் சொல்லும். அதற்கு அடியில் இருப்பதில் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு வண்டல் என்பது அதற்குத் தெரியாது.

சென்ற ஆண்டு டிசம்பரில் ஒரு நாள். ஏரி கிட்டத்தட்ட நிறைந்துவிட்டது என்று அன்றைய பத்திரிகையில் போட்டிருந்தது. கீழ்க்கரையில் நின்று பார்த்தேன். கடல்போல அலையடித்தது, மனம் நிறைந்துவிட்டது. பிறகு சுற்றிக்கொண்டு மேல்கரைப் பக்கம் போய், மீன்பிடிக்கிற அண்ணன் ஒருவரின் சிறு படகில் ஏறி, ஓடை வந்து விழுகிற இடத்துக்குப் போனோம். கரை நன்றாகப் பின்னால் போய்விட்டது. சுற்றிலும் தண்ணீர்தான். அந்த நட்டநடுத் தண்ணீரில் நாற்பது, ஐம்பது பவளக்கால் உள்ளான்கள் நின்றுகொண்டிருந்தன.

பவளக்கால் உள்ளானைப் பார்க்காதவர்கள் யாரும் இங்கே இருக்க முடியாது. வெள்ளை உடம்பு, கறுப்பு இறக்கை, குச்சிபோல நீண்ட சிவந்த கால். அந்தக் காலின் நீளம் ஏறக்குறைய ஒரு சாண். நீந்தி இரை தேடுகிற பறவை அன்று அது. சேற்றில் கால் ஊன்றி நின்று, ஊசிபோன்ற அலகால் புழுவையும் பூச்சியையும் கொத்தி எடுக்கும். அது நிற்கிறது என்றால் அங்கே தண்ணீர் ஒரு சாணுக்குள் என்று பொருள். அன்று அவற்றுக்குத் தொடைகூட நனையவில்லை, பாதிக் கால் வெளியே தெரிந்தது. படகு தரை தட்டி நின்றது. அந்த அண்ணன் கழியை ஊன்றினார். ஒரு முழம் தண்ணீரும் இல்லை. அதன் பிறகு கழி வழுக்கிக்கொண்டு சேற்றுக்குள் இறங்கியது, இறங்கிக்கொண்டே இருந்தது. “எங்கள் அப்பா காலத்தில் இந்த இடத்தில் கழி எட்டாது சார்” என்றார்.

அளவுகோலைப் பொறுத்தவரை அந்த இடமும் ஏரிதான், அங்கே நிற்பதும் ஏரித் தண்ணீர்தான். அரியலூர், ஜெயங்கொண்டம் பக்கத்து மேட்டு நிலங்களிலிருந்து ஒவ்வொரு மழைக்கும் ஓடைகள் அள்ளிவந்து கொட்டிய செம்மண், தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் குடியிருக்கிறது. எனக்கு அதைக் காட்டிக்கொடுத்தது அந்த உள்ளான் கூட்டம்.

அன்றிலிருந்து நான் ஏரியைப் பறவையை வைத்தே படிக்கிறேன். நீங்களும் படிக்கலாம். முக்குளிப்பான் என்று ஒரு சின்னப் பறவை, உள்ளங்கையில் அடங்கிவிடுமோ என்று தோன்றும். நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சட்டென்று முங்கி, எங்கோ எழும்பும். அதுவும் நீர்க்காகமும் முங்கித் தேடுகிற இடத்தில் ஆழம் உண்டு, மீனும் உண்டு. ஊசிவால் வாத்து தலைகீழாகக் கவிழ்ந்து வாலை மட்டும் மேலே நீட்டிக்கொண்டிருந்தால், அதன் கழுத்து எட்டுகிற தூரத்தில் தரை இருக்கிறது என்று பொருள். பெரிய கொக்கு நின்றால் ஒரு முழத்துக்குள் தண்ணீர். நாமக்கோழிகள் கூட்டமாக மிதந்தால் கீழே பாசி படர்ந்திருக்கும். நீலத் தாழைக்கோழி சம்புக் கோரைக்குள் நடமாடுகிறது என்றால் அந்த ஓரம் மெல்ல மெல்லத் தரையாகிக்கொண்டிருக்கிறது. உங்கள் பக்கம் நெய்வேலிக் காட்டாமணக்கு என்று சொல்கிறீர்களே, அது எங்கே புதிதாக வேர் பிடித்திருக்கிறதோ அங்கே அடுத்த ஆண்டு இன்னும் கொஞ்சம் மண் தங்கும்.

நத்தைகுத்தி நாரையை மட்டும் கொஞ்சம் நின்று பாருங்கள். அதன் அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கும். பாக்குவெட்டியில் பாக்கை வைத்து அமுக்குவதைப் போல அது நத்தையை நொறுக்கும் என்று நானும் நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. மேல் அலகால் நத்தையைச் சேற்றில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கீழ் அலகின் கூர்நுனியை ஓட்டின் மூடிக்குள் நுழைத்து, சதையைப் பிடித்திருக்கிற தசையை அறுத்து உருவிவிடுகிறது. ஓடு பெரும்பாலும் உடையாமல் கிடக்கும். வரப்போரம் முழு ஓடுகளாகக் குவிந்து கிடந்தால் அது நாரை உட்கார்ந்து சாப்பிட்ட இடம். உங்கள் நாற்றைத் தின்கிற நத்தையை ஒரு ரூபாய் மருந்துச் செலவு இல்லாமல் எடுத்துப்போகிற பறவை அது.

வருவதற்கு முன் ஒரு தாய் என்னிடம் கேட்டார்: “பறவை எச்சம் விழுகிற தண்ணீரைத்தானே குடிக்கிறோம், அது கெடுதல் இல்லையா?” நியாயமான கேள்வி. எச்சத்தில் கிருமி உண்டு. பயிருக்கு உரமாகிற சத்தும் உண்டு, அது மிகுந்தால் பாசி பெருகும். அதனால்தான் ஏரித் தண்ணீரை அப்படியே குடிக்கக் கூடாது. படிகாரம் போட்டுத் தெளியவைத்து, வடிகட்டி, குளோரின் கலந்து அனுப்புகிறார்கள். வீட்டில் கொதிக்கவைத்துக் குடியுங்கள். ஆனால் பறவையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கு முன்னால், ஓடையில் வந்து சேரும் சாக்கடையையும், வயலிலிருந்து வடிகிற உரத்தையும் பூச்சிமருந்தையும், கரையில் கொட்டுகிற கோழிக்கழிவையும் ஏற்றுங்கள் அம்மா. கொதிக்கவைத்தால் கிருமி சாகும். பூச்சிமருந்து சாகாது.

மருந்து என்றதும் எனக்கு ஆற முடியாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குருணை மருந்தை மீனில் வைத்துக் கொக்கையும் மடையானையும் பிடிக்கிறார்கள். இரவில் வலை கட்டுகிறார்கள். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இது குற்றம். சட்டம் இருக்கட்டும். அந்த மருந்து விழுகிற தண்ணீர் எது? அந்தக் கறியைத் தின்கிற பிள்ளை யாருடைய பிள்ளை? ஒருமுறை ஏரியோரத்தில் மடையான் ஒன்றைக் கையில் எடுத்தேன். உயிர் இருந்தது, கழுத்து நிற்கவில்லை. தண்ணீர் கொடுத்துப் பார்த்தேன், விழுங்கத் தெரியவில்லை. கால்மணி நேரத்தில் போய்விட்டது. கை கழுவ ஏரிக்குள் இறங்கப்போனவன் அப்படியே நின்றுவிட்டேன்.

2024ஆம் ஆண்டு மார்ச்சில் இந்த ஏரி எப்படி இருந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கும். மேட்டூரில் தண்ணீர் இல்லை, கொள்ளிடத்தில் இல்லை, வடவாற்றிலும் வரவில்லை. சென்னைக்கு அனுப்புவது நின்றது. தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கடைசியாகத் தேங்கிய குட்டைகளில் கொக்கும் நாரையும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றன. பார்க்கிறவர்கள், பறவை பெருகிவிட்டது என்று படம் எடுத்தார்கள். அது பெருக்கம் அன்று, போக இடமில்லாத நெருக்கம். அந்தப் பாளங்களுக்கு நடுவே நடந்தபோது, ஏரி தன் வயிற்றைத் திறந்து காட்டுவதுபோல இருந்தது. எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று அளக்க அதைவிட நல்ல சமயம் கிடையாது. இனி ஒரு முறை வறண்டால், அந்த வாரமே ஊர் கூடி அளவெடுக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். மண்ணை அள்ளுவது பிறகு. முதலில் இந்த 1,465 என்ற எண்ணில் மண் எவ்வளவு என்று கணக்குக் கேட்க வேண்டும்.

தூர்வாருவதிலும் எனக்கு ஒரு கருத்து இருக்கிறது. சிலருக்குப் பிடிக்காது. ஏரி முழுவதையும் தொட்டிபோலச் செங்குத்தாக வெட்டிவிட்டால் அளவுகோலுக்கு மகிழ்ச்சி. உள்ளானுக்கும் நாரைக்கும் நிற்க இடம் இருக்காது, மீன் முட்டையிட ஓரம் இருக்காது, கால் தவறி இறங்குகிற பிள்ளையும் ஏற முடியாது. ஓடை வாயில் குவிந்த மண்ணை எடுங்கள், நடு ஏரியை ஆழமாக்குங்கள், மேல்கரை ஓரத்தை மட்டும் சாய்வாக, சேறாக விட்டுவைக்கலாம். மண் வருகிற மேட்டு நிலங்களில் வரப்பும் மரமும் வேண்டும். அது இல்லாமல் அள்ளுவது ஓட்டைக் குடத்தில் இறைப்பதுதான்.

பொங்கலை ஒட்டி ஆண்டுதோறும் தமிழ்நாடு முழுவதும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. 2015ஆம் ஆண்டு முதல் யார் வேண்டுமானாலும் அதில் சேர்ந்து எண்ணுகிறார்கள். அதற்கென்று பட்டம் எதுவும் தேவையில்லை. பிள்ளைகளே, நாளை காலை ஐந்தரை மணிக்கு நூலக வாசலிலிருந்து மேல்கரைக்கு ஒரு வேன் போகிறது. என்னிடம் இரண்டு தொலைநோக்கிகள் இருக்கின்றன, மாற்றி மாற்றிப் பார்க்கலாம். ஒரு நோட்டும் பென்சிலும் கொண்டுவாருங்கள். பேனா வேண்டாம், பனியில் மை பரவிவிடும். பறவையின் பெயர் தெரியாவிட்டாலும் கவலை இல்லை. சிவந்த காலோடு எத்தனை நிற்கின்றன என்று எண்ணுங்கள். அந்தக் காலில் தண்ணீர் எதுவரை ஏறியிருக்கிறது என்று கூர்ந்து பாருங்கள். அதைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். அடுத்த பொங்கலுக்கு அதே இடத்தில் நின்று மறுபடியும் எழுதுவோம்.