வைஃபை பாஸ்வேர்டு சரிதான், லினக்ஸ் ஏன் திரும்பத் திரும்ப கேக்குது?

[திரை: லினக்ஸ் மின்ட் டெஸ்க்டாப், நடுவில் பாஸ்வேர்டு கேட்கும் பெட்டி]

வணக்கம். அப்பாவோட பழைய லேப்டாப்புல லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தேன். அவருக்கு டைப் பண்றது சிரமம்னு, பாஸ்வேர்டு கேக்காமலேயே உள்ள போற ஆட்டோ லாகினும் வச்சுவிட்டேன். மறுநாள் காலைல போன். "ஏம்பா, வைஃபை பாஸ்வேர்டு கேக்குது. ரூட்டர் அடியில இருக்கிறத அப்படியே போடறேன், ஏத்துக்க மாட்டேங்குது."

எழுத்து எழுத்தா சொல்லச் சொல்லிக் கேட்டேன். தப்பே இல்ல. அப்புறம் அந்தப் பெட்டியில மேல என்ன எழுதியிருக்குன்னு படிக்கச் சொன்னேன். "கீரிங்"னு ஒரு வார்த்தை வந்துச்சு. அந்தப் பெட்டி வைஃபை பாஸ்வேர்ட கேக்கவே இல்ல!

[திரை: பெட்டியின் தலைப்பு பெரிதாக]

லினக்ஸ்ல வைஃபையப் பாத்துக்கிறது பெரும்பாலும் நெட்வொர்க் மேனேஜர். பாஸ்வேர்ட அது ரெண்டு இடத்துல வைக்கலாம். ஒண்ணு, ரூட், அதாவது அட்மின் கணக்கு மட்டும் படிக்கிற சிஸ்டம் ஃபைல். இன்னொண்ணு, உங்க பேர்ல இருக்கிற கீரிங், அதாவது பூட்டின பீரோ மாதிரி. கேடிஇ டெஸ்க்டாப் பயன்படுத்துறவங்களுக்கு அது கேவாலட்.

அந்த பீரோவோட சாவி உங்க லாகின் பாஸ்வேர்டு. நீங்க லாகின் பண்ணும்போது டைப் பண்றீங்களே, அதை வச்சே கீரிங்கும் திறந்துக்கும். ஆட்டோ லாகின்ல யாரும் எதையும் டைப் பண்றதில்ல. பீரோ பூட்டியே கிடக்கு, வைஃபை பாஸ்வேர்டு உள்ள மாட்டிக்கிச்சு. அதனால அந்தப் பெட்டியில போட வேண்டியது லாகின் பாஸ்வேர்டு.

[திரை: டெர்மினல்]

உங்க மெஷின்ல பாஸ்வேர்டு எங்க இருக்குன்னு பாக்க, கட்டளை கொடுக்கிற டெர்மினல்ல "என்எம்சிஎல்ஐ கனெக்ஷன் ஷோ", பக்கத்துல வைஃபை பேர்னு டைப் பண்ணுங்க. பேர்ல இடைவெளி இருந்தா மேற்கோள் குறிக்குள்ள போடுங்க. நீளமா ஒரு பட்டியல் வரும். அதுல "பிஎஸ்கே ஃபிளாக்ஸ்"னு ஒரு வரி. 0 இருந்தா சிஸ்டம் ஃபைல்ல இருக்கு. 1 இருந்தா கீரிங்ல. 2 இருந்தா எங்கயுமே சேமிக்கல, ஒவ்வொரு தடவையும் கேக்கும். அது கோளாறு இல்ல, அமைப்பே அப்படி.

அப்பாவோடது 1.

[திரை: நெட்வொர்க் கனெக்ஷன்ஸ், வைஃபை செக்யூரிட்டி பக்கம்]

மாத்துறது சுலபம். பாஸ்வேர்டு கட்டத்தோட வலது ஓரத்துல குட்டியா ஒரு ஐகான் தெரியுதா? அதைத் தொட்டா மூணு வழி காட்டும். எல்லா யூசருக்கும் சேமிக்கிற வழியத் தேர்ந்தெடுத்து, பாஸ்வேர்ட மறுபடி டைப் பண்ணி, சேவ் பண்ணுங்க. பாஸ்வேர்ட டைப் பண்ண மறந்துடாதீங்க.

ஒண்ணு கவனிங்க. சிஸ்டம் ஃபைல்ல பாஸ்வேர்டு வெறும் எழுத்தாத்தான் இருக்கும். டிஸ்க்கையே பூட்டி வைக்கிற டிஸ்க் என்கிரிப்ஷன் இல்லாத லேப்டாப் திருடு போனா, எடுத்தவங்க படிச்சிடலாம். வீட்டு வைஃபைக்கு இது பரவாயில்லன்னு நினைக்கிறேன். உங்க பேரும் பாஸ்வேர்டும் கேக்கிற ஆபீஸ் வைஃபைக்கு வேண்டாம்.

கீரிங் பாஸ்வேர்டையே காலியா விட்டுடலாம்னு சிலர் சொல்லுவாங்க. தயவுசெஞ்சு செய்யாதீங்க. வைஃபைக்காக, கீரிங்ல இருக்கிற மத்த ரகசியம் எல்லாம் பூட்டில்லாம போயிடும்.

ஆட்டோ லாகின் இல்லாமலேயே கீரிங் பெட்டி வருதா? ஒருவேளை லாகின் பாஸ்வேர்ட ரெக்கவரி மோடுல மாத்தியிருக்கலாம். கீரிங்குக்கு இன்னும் பழசுதான் தெரியும். பழச ஒரு தடவை போட்டுத் திறந்துட்டு, கீரிங்க நிர்வகிக்கிற சீஹார்ஸ்ங்கிற ஆப்புல புதுசா மாத்திக்கோங்க.

பேக்கப்புல இருந்து வைஃபை செட்டிங் இருக்கிற சிஸ்டம் ஃபைல காப்பி பண்ணி, அது பட்டியல்லயே வரலன்னா பர்மிஷனப் பாருங்க. ஓனர் ரூட், பர்மிஷன் 600, அதாவது ஓனர் மட்டும் படிக்கலாம், எழுதலாம். மத்தவங்க படிக்கிற மாதிரி இருந்தா நெட்வொர்க் மேனேஜர் அந்த ஃபைல ஏத்துக்காது. சரி பண்ணிட்டு "என்எம்சிஎல்ஐ கனெக்ஷன் ரீலோட்" கொடுங்க.

[திரை: ரீஸ்டார்ட் ஆகும் லேப்டாப்]

அப்பாவ ரீஸ்டார்ட் பண்ணச் சொல்லிட்டு போன்லயே காத்திருந்தேன். ஒரு நிமிஷம் கழிச்சு, "பெட்டி எதுவும் வரலப்பா, பேப்பர் ஓபன் ஆயிடுச்சு"ன்னார்.