நியூ ஆர்லியன்ஸ் ஹாட் சாசேஜ் சீஸ் போ-பாய், நம் தோசைக்கல்லில்

[காட்சி: மரப்பலகையில் ஒரு நீள ரொட்டி. இரண்டு கைகள் அதைத் திறக்கின்றன. உள்ளே சிவந்த கறி, அதன் மேல் உருகிய சீஸ்.]

வணக்கம். இதன் பெயரில் சாசேஜ் இருக்கிறது. ஆனால் ரொட்டியைத் திறந்தால் குழாய் குழாயாக எதுவும் இல்லை. வடை போலத் தட்டிய, ஓரம் முறுகிய கறி வில்லைகள் மூன்று. அவற்றின் மேல் வழிகிற சீஸ். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் போ-பாய் என்ற நீள ரொட்டி சாண்ட்விச் விற்கும் கடைகளில் 'ஹாட் சாசேஜ் அண்ட் சீஸ்' என்று கேட்டால் பல இடங்களில் இப்படித்தான் கைக்கு வரும். குடலில் அடைத்த நீள வடிவமும் அங்கே உண்டு. நாம் இன்று செய்யப்போவது தட்டிய வடிவம், ஏனென்றால் இதற்குத் தனி இயந்திரம் எதுவும் வேண்டாம். ஒரு தோசைக்கல் போதும்.

தொடங்குவதற்கு முன் ஒரே ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கறி வேகும்போது அதிலிருந்து ஒரு சிவப்பு எண்ணெய் பிரியும். அந்த எண்ணெய் ரொட்டிக்குள் இறங்க வேண்டும். கறியில் எவ்வளவு கொழுப்பு, எந்த ரொட்டி, எந்த சீஸ், சாஸை எந்தப் பக்கம் தடவுவது, எல்லாவற்றையும் இந்த எண்ணெயை வைத்துத்தான் முடிவு செய்யப்போகிறோம்.

[காட்சி: நியூ ஆர்லியன்ஸ் தெரு. தண்டவாளத்தில் டிராம் ஒன்று மெல்லப் போகிறது.]

முதலில் ரொட்டியின் கதை. இது சமையலோடு நேரடியாகச் சேர்ந்த கதை, அதனால் தாண்டிப் போக வேண்டாம்.

லூசியானாவின் ரேஸ்லேண்ட் என்ற சிற்றூரிலிருந்து நியூ ஆர்லியன்ஸுக்கு வந்தவர்கள் பென்னி மார்ட்டின், கிளோவிஸ் மார்ட்டின் என்ற சகோதரர்கள். இருவரும் டிராம் நடத்துநர்களாக வேலை பார்த்தார்கள். 1922-இல் பிரெஞ்சு மார்க்கெட் பகுதியில் சாப்பாட்டுக் கடை போட்டார்கள். 1929 ஜூலையில் டிராம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். பழைய கூட்டாளிகள் ஆயிற்றே, சகோதரர்கள் சும்மா இருக்கவில்லை. வேலைநிறுத்தம் செய்யும் சங்க உறுப்பினர்களுக்குத் தங்கள் கடையில் சாப்பாடு இலவசம் என்று ஆகஸ்டில் கடிதமே எழுதிக் கொடுத்தார்கள். பசியோடு ஒரு தொழிலாளி கடைக்குள் வரும்போதெல்லாம், 'இதோ இன்னொரு பாவப்பட்ட பையன்' என்று உள்ளே குரல் கொடுப்போம் என்று பென்னி பின்னாளில் சொன்னார். ஆங்கிலத்தில் 'புவர் பாய்'. நகரத்து நாக்கில் அது 'போ-பாய்' ஆனது.

இப்போது ரொட்டிக்கு வருவோம். அப்போது கிடைத்த பிரெஞ்சு ரொட்டிகளின் இரண்டு முனைகளும் கூம்பிப் போயிருக்கும். சாண்ட்விச்சாக வெட்டினால் முனைகள் வீண். இலவசச் சாப்பாடு போடுகிற கடையில் அந்த வீண் கட்டுப்படியாகாது. ஜான் ஜென்டூசா என்ற பேக்கரிக்காரர் முனையிலிருந்து முனைவரை ஒரே அகலமாக, சுமார் 40 அங்குல நீளத்தில் ஒரு ரொட்டி செய்து கொடுத்தார். இன்றைக்கும் போ-பாய் ரொட்டி நீளமாக, ஒரே அகலமாக இருப்பதற்கு அதுதான் காரணம். நகரத்தின் இன்னொரு பழைய பேக்கரி லைடன்ஹைமர். ஜெர்மனியிலிருந்து வந்த ஒருவர் 1896-இல் தொடங்கியது. பிரெஞ்சு ரொட்டி என்ற பெயர், சுட்டவர்கள் ஜெர்மானியர், இத்தாலியர். துறைமுக நகரங்களில் சாப்பாடு இப்படித்தான் வளர்கிறது.

[காட்சி: சிவப்பு மிளகாய்த்தூள், மிளகு, பூண்டு, தைம் இலை, வெங்காயத்தாள்.]

கறியின் கதை இன்னும் பழையது. லூசியானா 1760-களிலிருந்து 1800-களின் தொடக்கம்வரை ஸ்பெயினின் கையில் இருந்தது. பச்சைக் கறியில் செய்யும் இந்தக் காரமான சாசேஜுக்கு அங்கே பழைய கிரியோல் பெயர் 'ஷோரீஸ்'. கிரியோல் என்றால் பிரெஞ்சு, ஸ்பானிய, ஆப்பிரிக்க மரபுகள் கலந்து வளர்ந்த லூசியானா மக்களும் அவர்கள் பண்பாடும். ஸ்பானிய சாசேஜான 'சோரிசோ'வின் உறவுப் பெயர் இது. நியூ ஆர்லியன்ஸின் ஏழாவது வார்டில் வாழ்ந்த கறுப்பின கிரியோல் குடும்பங்களின் கைப்பக்குவம் இது. வோக்ரசான் குடும்பம் 1899-இலிருந்து இந்தத் தொழிலில் இருக்கிறது. 1970-இல் நடந்த முதல் ஜாஸ் விழாவிலேயே அவர்கள் ஹாட் சாசேஜ் போ-பாய் விற்றார்கள். 2005-இல் கத்ரீனா புயல் வெள்ளத்தில் அவர்களுடைய தொழிற்சாலை அழிந்தது. அதற்குப் பிறகும் விழாவில் அந்தக் கடை நின்றுவிடவில்லை. 2022-இல் அதே செயின்ட் பெர்னார்ட் அவென்யூவில் மறுபடி கதவு திறந்தார்கள். பதினேழு வருடம். ஒரு குடும்பம் தன் மசாலாவை இத்தனை வருடம் காப்பாற்றி வைத்திருந்ததை நினைத்தால் எனக்கு உள்ளே நெகிழ்ந்துவிடுகிறது.

சரி, கை கழுவிவிட்டு வாருங்கள்.

[காட்சி: பெரிய பாத்திரத்தில் கொத்துக்கறி.]

இரண்டு பெரிய போ-பாய்க்கு அரை கிலோ பன்றிக் கொத்துக்கறி. தோள்பட்டைப் பகுதியாகக் கேளுங்கள், நாலில் ஒரு பங்காவது கொழுப்பு இருக்கட்டும். 'கொழுப்பு எடுத்துவிட்டுக் கொடுங்கள்' என்று கடைக்காரரிடம் சொல்வது நம் பழக்கம். இன்றைக்கு ஒருநாள் சொல்லாதீர்கள். கொழுப்பு இல்லை என்றால் சிவப்பு எண்ணெய் இல்லை. அந்த ஊரிலேயே மாட்டுக்கறியில் செய்பவர்கள் நிறைய, இரண்டையும் கலப்பவர்களும் உண்டு. கோழிதான் வேண்டும் என்றால் தொடைக்கறியைத் தோலோடு அரைக்கச் சொல்லுங்கள்.

ஒன்றரை தேக்கரண்டி பொடி உப்பு. எடை போட்டால் 9 கிராம். நிறத்துக்கு ஒரு மேசைக்கரண்டி காஷ்மீரி மிளகாய்த்தூள். அங்கே பாப்ரிகா போடுவார்கள், அதன் வேலையை இது அழகாகச் செய்யும். காரத்துக்கு ஒன்றரை தேக்கரண்டி நம் வீட்டு மிளகாய்த்தூள், மல்லி கலக்காத தனி மிளகாய்த்தூள். அரை தேக்கரண்டி கொரகொரப்பான மிளகாய், ஒரு தேக்கரண்டி மிளகுத்தூள், ஒரு தேக்கரண்டி உலர்ந்த தைம், நசுக்கிய பூண்டு நாலு பல், பொடியாக நறுக்கிய வெங்காயத்தாள் ஒரு கைப்பிடி. கடைசியாக மூன்று மேசைக்கரண்டி ஐஸ் தண்ணீர்.

சோம்பு போடாதீர்கள். கறி என்றாலே நம் கை தானாகச் சோம்பு டப்பா பக்கம் போகும். சோம்பு போட்டால் அது இத்தாலிய சாசேஜ் ஆகிவிடும். அது நல்ல சாசேஜ்தான், ஆனால் வேறு ஊர்.

[காட்சி: கை பிசைகிறது. உள்ளங்கையைக் கவிழ்த்தால் கறி விழாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.]

இப்போது இரண்டு நிமிடம் நன்றாகப் பிசையுங்கள். பர்கருக்குக் கறியை அதிகம் தொடக்கூடாது என்பார்கள், இது அப்படி இல்லை. உப்பு கறியிலிருக்கும் புரதத்தைக் கரைத்து வெளியே கொண்டுவருகிறது. பிசையப் பிசைய அந்தப் புரதம் பசை மாதிரி ஆகிக் கறியையும் கொழுப்பையும் பிடித்துக்கொள்கிறது. ஒரு உருண்டையை உள்ளங்கையில் அழுத்திக் கையைக் கவிழ்த்துப் பாருங்கள். விழவில்லை என்றால் பதம் வந்துவிட்டது. கறி சில்லென்று இருக்க வேண்டும், அதற்குத்தான் ஐஸ் தண்ணீர். சூடேறிவிட்டால் கொழுப்பு இளகிப் பிசுபிசுக்கும், வேகும்போது மொத்தமாக ஓடிவிடும். நமக்குக் கொஞ்சம் வெளியே வர வேண்டும், மீதி உள்ளேயே இருக்க வேண்டும்.

மூடி, ஒரு இரவு ஃபிரிட்ஜில். அவசரம் என்றால் இரண்டு மணி நேரமாவது.

மறுநாள் சின்ன உருண்டை ஒன்றைக் கல்லில் வேகவைத்து ருசி பாருங்கள். பச்சையாக வாயில் வைக்க வேண்டாம். உப்போ காரமோ குறைந்தால் இப்போதே சேர்க்கலாம். பிறகு ஆறாகப் பிரித்துத் தட்டுங்கள். ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டர் கனம், ரொட்டியின் அகலத்தைவிட ஒரு விரல் பெரிது. வேகும்போது சுருங்கும்.

[காட்சி: நீள ரொட்டி. விரல் அழுத்தியதும் மேல்தோல் நொறுங்கிச் சிதறுகிறது.]

ரொட்டி. முதல் தடவை நான் செய்தபோது கடையிலிருந்து பாகெட் வாங்கினேன். பிரெஞ்சு ரொட்டிதானே என்று நினைத்தேன். தோல் தடித்து, இழுத்தால்கூட வரவில்லை. ஒரு கடி கடித்ததும் உள்ளிருந்த கறி எல்லாம் பின்பக்கமாகத் தட்டில் விழுந்துவிட்டது. போ-பாய் ரொட்டியின் தோல் மெல்லியது, அப்பளம் போல நொறுங்கும். உள்ளே பஞ்சு, பெரும்பாலும் காற்று. அந்தப் பஞ்சுதான் எண்ணெயைக் குடிக்கும்.

ஓவன் இருக்கிறது என்றால் வீட்டிலேயே சுடலாம். மைதா 500 கிராம், தண்ணீர் 310 மில்லி, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7 கிராம், சர்க்கரை 10, உப்பு 9, எண்ணெய் 15 கிராம். பாகெட்டில் எண்ணெயும் சர்க்கரையும் இருக்காது, இதில் இருக்கிறது. மென்மை அங்கிருந்துதான் வருகிறது. பத்து நிமிடம் பிசைந்து, ஒரு மணி நேரம் பொங்கவிட்டு, நாலாகப் பிரித்து ஒரு சாண் நீளத்துக்கு உருட்டுங்கள். இன்னும் முக்கால் மணி நேரம் பொங்கட்டும். 220 டிகிரி, கீழ்த் தட்டில் கொதிநீர், இருபது நிமிடம். அந்த ஆவிதான் தோலை மெல்லியதாக வைக்கிறது.

சுட நேரமில்லை என்றால், அழுத்தினால் அமுங்குகிற நீளமான ரொட்டியாக வாங்கி 180 டிகிரியில் ஐந்து நிமிடம் வையுங்கள். அதுவும் கிடைக்காத ஊரில் பெரிய ஹாட் டாக் பன். குறை சொல்ல மாட்டேன்.

[காட்சி: இரும்புத் தோசைக்கல். வில்லை விழுந்ததும் சீறல்.]

இனி கல். அங்கே கடைகளில் தட்டையான பெரிய இரும்புத் தகட்டில் சுடுவார்கள். நம் பழகிய தோசைக்கல்லுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நடுத்தரத் தீ. கல்லில் ஒரு சொட்டு எண்ணெய் போதும். வில்லையை வைத்துத் திருப்பியால் ஒரு தடவை அழுத்துங்கள், கல்லோடு முழுக்க ஒட்ட வேண்டும். பக்கத்துக்கு நாலு நிமிடம். தீயை ஏற்றினால் மிளகாய் கருகிக் கசந்துவிடும். கறிக்குள் வைக்கும் வெப்பமானி இருந்தால் நடுவில் 71 டிகிரி, கோழி என்றால் 74.

திருப்பியதும் கல்லைப் பாருங்கள். இதோ, சிவப்பு எண்ணெய். மிளகாயின் நிறமும் காரமும் கொழுப்பில்தான் கரையும், தண்ணீரில் கரையாது. குழம்பு கொதித்து மேலே எண்ணெய் பிரியும்போது பார்ப்போமே, அதே சங்கதி. இதைத் துடைத்துவிடாதீர்கள்.

வில்லைகள் மூன்றையும் ஒன்றின் ஓரத்தில் ஒன்று ஏறியபடி, ரொட்டி நீளத்துக்கு வரிசையாக அடுக்குங்கள். மேலே சீஸ் ஸ்லைஸ் மூன்று. ஆமாம், பிளாஸ்டிக் உறைக்குள் வருகிற பிராசஸ்டு சீஸ்தான். அங்கே இதற்குப் போடுவது 'அமெரிக்கன் சீஸ்', அதுவும் இதே வகை. நல்ல செடார் வாங்கி வைத்திருக்கிறேன் என்று சொல்வீர்கள். செடார் சூட்டில் உருகும்போது அதன் கொழுப்பு தனியாகப் பிரிந்துவிடும், மீதி திரிந்து நார் நாராகும். பிராசஸ்டு சீஸில் சேர்த்திருக்கும் உப்புகள் கொழுப்பையும் தண்ணீரையும் பிரியவிடாமல் பிடித்து வைக்கின்றன. ஏற்கெனவே கறியின் எண்ணெய் இருக்கிறது, இன்னொரு எண்ணெய் வேண்டாம். பால்சுவையோடு காரத்தைத் தணிக்கிற ஒரு போர்வைதான் வேண்டும்.

கல்லின் ஓரத்தில் ஒரு தேக்கரண்டி தண்ணீர் விட்டு மூடுங்கள். அரை நிமிடம். சீஸ் வில்லையின் ஓரத்தில் வழிந்திருக்கும்.

கறியை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, ரொட்டியைப் பிளந்து அடிப்பாதியின் வெட்டுப்பக்கத்தை அந்தச் சிவப்பு எண்ணெயில் கவிழ்த்து அழுத்துங்கள். பத்து நொடி. எடுத்துப் பாருங்கள் அந்த நிறத்தை!

[காட்சி: ரொட்டியின் மேல்பாதியில் மயோனீஸ். லெட்யூஸ், தக்காளி, வெள்ளரி ஊறுகாய்.]

கடையில் 'டிரெஸ்டு' என்று கேட்டால் லெட்யூஸ், தக்காளி, வினிகரில் ஊறிய வெள்ளரி, மயோனீஸ் நாலும் வரும். மயோனீஸை மேல்பாதியில் மட்டும் தடவுங்கள். அடிப்பாதியில் தடவினால் ரொட்டிக்கும் எண்ணெய்க்கும் நடுவில் சுவர் எழுப்பியது போல் ஆகிவிடும். லெட்யூஸை நூல் நூலாக நறுக்குங்கள், முழு இலை வழுக்கும். 'மதர்ஸ்' என்ற புகழ்பெற்ற கடையில் லெட்யூஸுக்குப் பதில் நறுக்கிய முட்டைக்கோஸ். நம் ஊர் வெயிலுக்கு முட்டைக்கோஸ்தான் வாடாமல் நிற்கிறது, நானும் அதற்கே மாறிவிட்டேன். பிடித்தவர்கள் கொரகொரப்பான கடுகு சாஸும் ஒரு கோடு இழுக்கலாம்.

ஹாட் சாஸ் மேசையில் இருக்கட்டும். டபாஸ்கோ லூசியானாவுடையதுதான், 1868-இலிருந்து ஏவரி தீவில் செய்கிறார்கள். ஆனால் இந்தச் சாண்ட்விச்சுக்கு நான் எடுப்பது நியூ ஆர்லியன்ஸில் 1923-இல் பிறந்த கிரிஸ்டல். காரம் குறைவு, அதனால் தாராளமாக ஊற்றலாம். புளிப்புதான் கொழுப்பை வெட்டும். கிடைக்காவிட்டால் இரண்டு சொட்டு வினிகர்.

[காட்சி: வெள்ளைக் காகிதத்தில் சாண்ட்விச் இறுக்கமாகச் சுற்றப்படுகிறது.]

கறியை அடிப்பாதியில் வைத்து மூடி, காகிதத்தில் இறுக்கிச் சுற்றி இரண்டு நிமிடம் விடுங்கள். உள்ளிருக்கும் சூட்டில் ரொட்டியின் பஞ்சு இளகிக் கறியைப் பிடித்துக்கொள்ளும், தோல் மொறுமொறுப்பாகவே நிற்கும். காகிதத்தோடு சேர்த்தே குறுக்காக வெட்டுங்கள், பிரிந்து விழாது. அடியில் காகிதம் செம்மஞ்சளாக நனைந்திருந்தால் சரியாகச் செய்திருக்கிறீர்கள்.

வில்லை மீந்தால், நடுவில் பட்டர் பேப்பர் வைத்து அடுக்கி ஃபிரீசரில் போடுங்கள், ஒரு மாதம் தாங்கும். காலையில் ஒன்றை எடுத்துக் கல்லில் போட்டு, பிரிகிற எண்ணெயிலேயே முட்டை உடைத்து ஊற்றுங்கள். அதற்கு ரொட்டிகூட வேண்டாம்.