உட்கார வைப்பது பாதுகாப்பு ஆகாது

அனைவருக்கும் வணக்கம்.

வயதான அம்மாவோ அப்பாவோ இருக்கிற வீட்டில் நாள் முழுக்கக் காதில் விழுகிற பேச்சு ஒன்று உண்டு: “நீங்க எழுந்திருக்காதீங்க, நான் எடுத்துத் தர்றேன்.” அதில் இருக்கிற அன்பு உண்மையானது. ஆனாலும் இன்று நான் பேச வந்திருப்பது அந்தப் பேச்சுக்கு எதிராகத்தான். இயன்முறை மருத்துவராக வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பார்க்கிறவள் நான். அக்கறை மிகுந்த வீடுகளிலேயே பெரியவர்களின் கால் சீக்கிரம் வலுவிழந்து போவதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

விழுந்துவிடுவார்களோ என்று பயப்படுவதில் தப்பே இல்லை. உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் விழுந்து அடிபட்டு இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தற்செயலான காயங்களால் வருகிற மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். அதிகம் பலியாவது 60 வயதைத் தாண்டியவர்கள். 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் ஒவ்வோர் ஆண்டும் ஒருமுறையாவது விழுகிறார்.

ஆனால் அந்தப் பயத்தில் நாம் செய்வது என்ன? நடமாட்டத்தைக் குறைக்கிறோம். நடமாட்டம் குறைந்தால் தொடைத் தசை கரைகிறது. நாற்காலியிலிருந்து எழவே கையை ஊன்ற வேண்டியிருக்கிறது. கால் தடுக்கினால் அடுத்த அடியைச் சட்டென்று எடுத்து வைத்துச் சுதாரிக்க முடிவதில்லை. விழாமல் இருக்க வேண்டும் என்று உட்கார வைத்தவரே, அப்படி உட்கார்ந்ததால் விழுகிறார்.

“இந்த வயசுல உடற்பயிற்சி செஞ்சு என்ன ஆகப்போகுது?” என்று கேட்பவர்களுக்கு ஓர் ஆய்வைச் சொல்வேன். 1990-இல் மரியா ஃபியாடரோன் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் வெளியிட்டது. பராமரிப்பு இல்லத்தில் இருந்த, உடல் தளர்ந்த பத்துப் பேரை எடுத்துக்கொண்டார்கள். சராசரி வயது 90. எட்டு வாரம் காலுக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். முடித்தவர்களின் கால்வலு சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. தொண்ணூறு வயதில்! அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: பயிற்சியை நிறுத்திய நான்கே வாரத்தில் வலுவில் 32 சதவீதம் குறைந்துவிட்டது. ஆக, வயது பெரிய தடையில்லை, விட்டுவிடுவதுதான் தடை. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் உருவான வீட்டுப் பயிற்சித் திட்டமும், விழுவதை மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைக்க முடியும் என்று காட்டியிருக்கிறது. அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கணுக்காலில் கட்டும் சிறு எடைகளும், பிடித்துக்கொள்ள உறுதியான ஒரு மேசையும் போதும்.

இன்றே வீட்டில் தொடங்கக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். கை வைத்த நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். உட்கார்ந்திருப்பவர் முன்விளிம்புக்கு நகர்ந்து, பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொண்டு, மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை முன்னால் சாய்ந்து எழட்டும். பிறகு தொப்பென்று உட்காராமல், மெதுவாக இறங்கட்டும். முதலில் கையை ஊன்றினாலும் பரவாயில்லை. நெஞ்சுவலி, மூச்சிரைப்பு, சமீபத்தில் அறுவை சிகிச்சை என்று ஏதாவது இருந்தால் மட்டும் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

அடுத்து வீடு. நான் ஒரு வீட்டுக்குப் போனால் பகலில் இருக்கிற வீட்டைப் பார்ப்பதில்லை. நடுராத்திரி இரண்டு மணிக்கு அந்த வீடு எப்படி இருக்கும் என்றுதான் பார்ப்பேன். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சிறுநீர் முட்டிக்கொண்டு வருகிறது. அவசரமாக எழுகிறார். எழுந்ததும் இரத்த அழுத்தம் இறங்குகிறது. எழுந்த மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20 புள்ளி இறங்கினாலே மருத்துவர்கள் அதைக் கவனிக்க வேண்டிய கோளாறாக எடுத்துக்கொள்வார்கள். கண் இருட்டுகிறது. மூக்குக்கண்ணாடி எங்கேயோ இருக்கிறது. விளக்கும் இல்லை. 60 வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போய்ச்சேர்கிற வெளிச்சம், 20 வயதில் போனதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். நமக்கு மங்கல் வெளிச்சம் என்றால் அவருக்கு அது இருட்டு. வழியில் விரிப்பின் மடிந்த ஓரம், சார்ஜர் ஒயர். கழிவறையில் ஈரத் தரை. கால் வழுக்கும்போது கைக்குக் கிடைப்பது துண்டு போடுகிற கம்பி. துண்டின் எடையைத் தாங்கப் பொருத்திய கம்பி அது. ஆளோடு சேர்ந்து அதுவும் கழன்று வரும்.

இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியை அறுத்தாலும் அவர் தப்பிப்பார். கட்டிலின் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, பாதங்களை மேலும் கீழும் அசைத்துவிட்டு எழட்டும். கட்டிலிலிருந்து கழிவறை வரை தரையோரமாக இரவு விளக்கு எரியட்டும். சிறு விரிப்புகளை எடுத்துவிடுங்கள். உடல் எடை முழுவதையும் தாங்குகிற கைப்பிடியைச் சுவரில் ஆழமாக முடுக்கிப் பொருத்துங்கள். வெள்ளைச் சுவரில் வெள்ளைக் கைப்பிடி கண்ணுக்குத் தெரியாது. வேறு நிறத்தில் வாங்குங்கள். கழிவறைக் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், வெளியிலிருந்தும் தாழை எடுக்க முடிய வேண்டும். உள்பக்கம் திறக்கிற கதவின் மேல் அவர் விழுந்து கிடந்தால் உங்களால் உள்ளே போகவே முடியாது.

ஆனால் இதையெல்லாம் அவரைக் கேட்டுச் செய்யுங்கள். நாற்பது வருடம் புழங்கிய வீட்டில், இருட்டிலும் எது எங்கே என்று அவர் கைக்குத் தெரியும். சொல்லாமல் மேசையை நகர்த்தினால் அந்தப் பழக்கமே அவருக்கு எதிரியாகிவிடும். அதைவிட, தன் வீட்டில் தன்னைக் கேட்காமல் எல்லாம் நடக்கிறது என்கிற வருத்தம் ஒரு மனிதரை வேகமாக ஒடுக்கிவிடும்.

மாத்திரைகளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். தூக்க மாத்திரை, சில அலர்ஜி மாத்திரைகள், பிரஷர் மாத்திரை, மாலையில் போடுகிற நீர் மாத்திரை, எல்லாமே தள்ளாட்டத்துக்கோ இரவில் எழுவதற்கோ காரணமாகலாம். தனித்தனி மருத்துவர்கள் தனித்தனியாக எழுதிக் கொடுத்திருப்பார்கள். எல்லாவற்றையும், கடையில் தானாக வாங்கியது உட்பட, ஒரே பையில் போட்டு ஒரே மருத்துவர் முன்னால் கொட்டுங்கள். “இது எதுக்கு? இன்னும் வேணுமா?” என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். தூக்க மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து.

நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று குழம்பிப் பேசினால், “வயசாயிடுச்சு” என்று விடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, புது மாத்திரை, நீர்ச்சத்துக் குறைவு என ஏதாவது இருக்கும். வயது ஏற ஏற தாக உணர்வு மங்கும். கேட்டால்தான் தண்ணீர் தருவோம் என்று இருக்கக் கூடாது. இப்படித் திடீரென்று வருகிற குழப்பம் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டிய விஷயம்.

இவ்வளவு செய்தும் விழுந்துவிட்டால்? உடனே அக்குளில் கை கொடுத்துத் தூக்காதீர்கள். தலையில் அடிபட்டதா, இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா, இடுப்பு வலிக்கிறதா, ஒரு கால் குட்டையாகவோ வெளிப்பக்கம் திரும்பியோ தெரிகிறதா என்று பாருங்கள். இதில் ஒன்று இருந்தாலும் அசைக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அடியில்லை என்றால் அவரே எழலாம்: பக்கவாட்டில் புரண்டு, கையும் முட்டியும் ஊன்றித் தவழ்ந்து, உறுதியான நாற்காலியின் இருக்கையில் இரண்டு கையையும் வைத்து, வலுவான காலை முன்னால் ஊன்றி, தள்ளி எழுந்து, திரும்பி உட்கார வேண்டும். எழத் தெரியாததால் மணிக்கணக்கில் தரையில் கிடந்து, நீர்வறட்சியும் தோல் புண்ணும் தசைச் சிதைவும் வந்து சீரழிந்தவர்கள் உண்டு. ஆகவே, விழாத நாளில், பக்கத்தில் ஆள் இருக்கும்போது இதைப் பழகிவைக்க வேண்டும். மேடையில் ஒரு பாயும் நாற்காலியும் போட்டிருக்கிறேன். விருப்பமுள்ள பெரியவர்கள் வீட்டாரோடு மேலே வாருங்கள். ஒவ்வொருவராகச் செய்து பார்ப்போம்.