உப்புமா என்று சொல்லிவிடாதீர்கள், இங்கே அதன் பெயர் காராபாத்

வணக்கம். காலை ஏழே முக்கால் மணி. பெங்களூரு அல்சூர் ஏரிக்கு அருகில், 18 ஆண்டுகள் மூடிக் கிடந்து 2009 ஆகஸ்டில்தான் திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலையிலிருந்து நடந்தே வந்துவிடக்கூடிய ஒரு தெருவில், ஒரு சிறிய தர்ஷினியின், அதாவது நின்றபடியே சாப்பிடும் உணவகத்தின், வாசலில் கேமராவோடு நின்று பேசிக்கொண்டிருக்கிறேன். பதினோரு ஆண்டுகளாக வாரத்தில் மூன்று நான்கு நாள்கள் என் காலை உணவு இங்கேதான். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பெயர் சொன்னால் கூட்டம் வரும், கூட்டம் வந்தால் எனக்கு நிற்க இடம் கிடைக்காது. இதைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை.

இன்று இட்லி, தோசை பக்கம் நான் போகவில்லை. தமிழ்நாட்டிலிருந்து புதிதாக இந்த ஊருக்கு வரும் பெரும்பாலோர் முதல் நாளே இட்லி சாம்பார் வாங்கி, ஒரு வாய் வைத்தவுடன் “சாம்பாரில் வெல்லம் போட்டிருக்கிறார்கள்” என்று முகம் சுளித்து, அதன் பிறகு பெங்களூரு உணவகங்களையே ஒதுக்கிவிடுகிறார்கள். உடுப்பி வழியில் வந்த சமையல் என்பதால் சாம்பாரில் வெல்லம் சேர்வது உண்மைதான். ஆனால் நம் வீட்டில் நன்றாக வரும் ஒன்றை இங்கே வாங்கி ஒப்பிட்டுப் பார்ப்பதைவிட, நம் வீட்டில் மதிப்பே இல்லாத ஒன்றை இவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்ப்பதுதான் நியாயம். அதாவது, உப்புமா.

நம் வீடுகளில் உப்புமாவுக்கு உள்ள இடம் உங்களுக்குத் தெரியாததல்ல. மாவு தீர்ந்த நாளில், கேஸ் தீரப் போகும் நாளில், சொல்லாமல் கொள்ளாமல் விருந்தாளி வந்து நிற்கும் நாளில் செய்வது அது. “இன்றைக்கு உப்புமாவா?” என்ற கேள்வியிலேயே பாதிச் சண்டை அடங்கியிருக்கும். இதில் எனக்கு எப்போதும் புரியாத ஒன்று உண்டு. அதே ரவையில் சர்க்கரையும் நெய்யும் விழுந்தால் அது பெண் பார்க்க வருபவர்களுக்கு வெள்ளித் தட்டில் வைக்கும் சொஜ்ஜி ஆகிவிடுகிறது, உப்பும் பச்சை மிளகாயும் விழுந்தால் மட்டும் குடும்பத்துக்கே அவமானம் போல் ஆகிவிடுகிறது. பெங்களூருக்காரர்கள் இந்தப் பாகுபாட்டை ஒழித்துவிட்டார்கள். ஒரே தட்டில் காரமான ரவை ஒரு பக்கம், இனிப்பான கேசரிபாத் மறுபக்கம் என்று இரண்டையும் சரிசமமாக உட்கார வைத்து, அதற்குச் சௌசௌபாத் என்று பெயரும் வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பெயரில் நான் ஏமாந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு இந்தக் கடைக்குள் முதன்முதலாக நுழைந்தபோது, விலைப்பலகையில் அந்தப் பெயரைப் படித்துவிட்டு, நாம் பெங்களூர் கத்தரிக்காய் என்று சொல்லும் சௌசௌ காயை வைத்துச் செய்த சோறு என்றுதான் நினைத்தேன். பெங்களூரிலேயே பெங்களூர் கத்தரிக்காய்ச் சோறு, பொருத்தமாகத்தானே இருக்கிறது! அதைக் கொண்டுவரச் சொல்வதற்காக ஒரு மேசையருகே நின்று, சப்ளையர் வருவார் வருவார் என்று பத்து நிமிடம் காத்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. பக்கத்தில் காபி குடித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் என் முழியைப் பார்த்தே ஊரைக் கண்டுபிடித்திருக்க வேண்டும். “தம்பி, இங்க யாரும் வந்து கேக்க மாட்டாங்க, கல்லாவுல டோக்கன் வாங்கிட்டு வாங்க” என்று தமிழிலேயே சொன்னார்.

தர்ஷினியின் சூட்சுமம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. 1983ஆம் ஆண்டு ஜெயநகரில் தொடங்கப்பட்ட கஃபே தர்ஷினியிலிருந்து இந்த வகைக் கடைகள் நகரமெங்கும் பரவின. நாற்காலி இல்லை, சப்ளையர் இல்லை, கையில் கொடுக்கும் மெனு அட்டை இல்லை. காசை முதலில் கொடுத்து, டோக்கனை நீட்டி, தட்டை நாமே வாங்கி, மார்பு உயரத்துக்கு இருக்கும் மேசையில் வைத்து நின்றபடியே சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். உட்கார இடம் கொடுத்தால் ஒருவர் அரை மணி நேரம் இருப்பார், நிற்பவர் பத்து நிமிடத்தில் கிளம்பிவிடுவார். ஒரே மேசையில் ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் மாறுகிறார்கள் என்பதில்தான் இவர்களுடைய லாபம் இருக்கிறதே தவிர, எண்ணெயிலும் பருப்பிலும் கைவைப்பதில் இல்லை. கைவைத்தாலும் மறைக்க முடியாது, ஏனென்றால் சமையலறை நம் கண்ணெதிரே திறந்து கிடக்கிறது.

இதோ, உள்ளே பாருங்கள். இன்றைய இரண்டாவது அண்டா இப்போதுதான் அடுப்பில் ஏறுகிறது. கடுகும் கடலைப்பருப்பும் முந்திரியும் கறிவேப்பிலையும் பொரிந்து, வெங்காயம் வதங்கி, தக்காளி கரைந்து, கேரட்டும் பீன்ஸும் பட்டாணியும் விழுந்துவிட்டன. மஞ்சள்தூளுக்குப் பின் சமையல்காரர் போடும் அந்தச் செம்பழுப்புப் பொடியைக் கவனியுங்கள். அது வாங்கிபாத் பொடி. கத்தரிக்காய்ச் சோற்றுக்காக அரைத்த பொடி, தனியா, கடலைப்பருப்பு, உளுத்தம்பருப்பு, பட்டை, கிராம்பு, மராட்டி மொக்கு, கொப்பரை ஆகியவற்றோடு, காரத்தைவிட நிறத்தை அதிகம் தரும் பியாடகி மிளகாயும் சேர்ந்தது. நம் வீட்டு உப்புமாவுக்கும் காராபாத்துக்கும் இடையிலான தூரத்தில் பாதியை இந்தப் பொடியே கடந்துவிடுகிறது.

மீதிப் பாதி தண்ணீர். நாம் பொலபொலவென்று வர வேண்டுமென்று ஒன்றுக்கு இரண்டு ஊற்றுகிறோம். இவர் ஒன்றுக்கு மூன்று ஊற்றுகிறார். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது, முன்பே நெய்யில் வறுத்து வைத்த ரவையை இடக்கையால் மெல்லிய தாரையாக விட்டுக்கொண்டே வலக்கையால் கிளறுகிறார். கை ஒரு கணம்கூட நிற்கவில்லை, நின்றால் கட்டி தட்டிவிடும். பிறகு மூடி போட்டு, தீயைக் குறைத்து, ஐந்து நிமிடம் அதைத் தொடாமல் விட்டுவிடுகிறார்.

ரவைக்கு இந்த ஊரில் கிடைக்கும் மரியாதை நேற்று வந்ததல்ல. 1924இல் தொடங்கிய எம்.டி.ஆர். உணவகத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தபோது, ரவையை வைத்துச் செய்து பார்த்ததுதான் ரவா இட்லி. அரிசி திரும்பி வந்த பிறகும் அதைக் கைவிடாமல் இன்றுவரை கொண்டாடுகிறார்கள். நாமாக இருந்தால் “பஞ்ச காலத்துப் பண்டம்” என்று சொல்லி மறந்திருப்போம்.

என் தட்டு வந்துவிட்டது. இன்றைய கணக்கு, சௌசௌபாத் 75 ரூபாய், காபி 20 ரூபாய். காராபாத் மட்டும் என்றால் 40 ரூபாய். சின்னக் கிண்ணத்தில் அமுக்கிக் கவிழ்த்ததால் இரண்டும் இரு சிறு குன்றுகளாக நிற்கின்றன, ஒன்று மஞ்சள், ஒன்று செம்மஞ்சள். கரண்டி கல்லாவுக்குப் பக்கத்தில், ஆவி பறக்கும் வெந்நீர்ப் பெட்டிக்குள் கிடக்கும், நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். காராபாத்தைக் கரண்டியால் ஒரு முறை அழுத்துகிறேன். பள்ளம் விழுந்து, மெதுவாக, மிக மெதுவாகத் தானே மூடிக்கொள்கிறது. இதுதான் பதம். பள்ளம் அப்படியே நின்றால் ஆறிப்போனது, உடனே மூடிக்கொண்டால் தண்ணீர் மிகுந்தது. தொட்டுக்கொள்ள வெள்ளைத் தேங்காய்ச் சட்னி மட்டும் போதும், சாம்பார் கேட்காதீர்கள், பொடியின் மணம் அடிபட்டுப் போகும்.

குறையையும் சொல்ல வேண்டும். பத்து மணிக்கு மேல் இங்கே காராபாத் வாங்காதீர்கள். அண்டாவின் மேற்பகுதி இறுகிய பிறகு வெந்நீர் தெளித்துக் கிளறித் தருகிறார்கள், இளக்கம் திரும்புகிறது, சுவை திரும்புவதில்லை. அதேபோல் கேசரிபாத்தில் நிறப்பொடி கொஞ்சம் தாராளம், என் விரலைப் பாருங்கள். டிசம்பர், ஜனவரியில் இந்த ஊருக்கு வருபவர்கள் மட்டும், அவரேகாளு போட்ட காராபாத் இருக்கிறதா என்று அவசியம் கேளுங்கள். அவரைக்காய் என்று நினைத்துவிடாதீர்கள், அது பச்சை மொச்சை. அதன் வாசனை சேர்ந்துவிட்டால் மேலே சொன்ன குறைகள் எதுவும் எனக்கு நினைவிருக்காது.

காபி, இரு நண்பர்கள் வந்தால் பை டூ என்று சொல்லி ஒன்றை இரண்டு தம்ளர்களில் பாதிப் பாதியாக வாங்கிக்கொள்ளலாம், யாரும் ஏளனமாகப் பார்க்க மாட்டார்கள். 2025 ஏப்ரலில் நந்தினி பால் லிட்டருக்கு 4 ரூபாய் ஏறிய பிறகு பை டூ கேட்பவர்கள் கூடிவிட்டதாகவே எனக்குத் தோன்றுகிறது. நான் தனியாக வந்திருப்பதால் முழுத் தம்ளர்.

இன்னும் பேசலாம்தான். ஆனால் கையில் தட்டோடு ஓர் அம்மா என் மேசையையே பார்த்துக்கொண்டு நிற்கிறார், நானோ சாப்பிட்டு முடித்தும் கேமராவோடு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறேன். தட்டைத் தொட்டியில் போட்டுவிட்டுக் கிளம்புகிறேன். வாங்கம்மா, இங்க வெச்சுக்கோங்க.