எழும்பூரில் நிற்கும் காவிரிக்கரைக் கட்டடம்

அவையோருக்கு வணக்கம்.

சென்னை எழும்பூர் ரயில் நிலையத்தைப் பற்றிக் கும்பகோணத்து மேடையில் ஏன் பேச வேண்டும் என்று சிலர் எண்ணலாம். 1908ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்தை எழுப்பிய தென்னிந்திய ரயில்வே கம்பெனி, நம் காவிரிக்கரையில் வேர்விட்டு வளர்ந்தது. அதன் முன்னோடிக் கம்பெனி 1861இல் நாகப்பட்டினத்துக்கும் தஞ்சாவூருக்கும் இடையேதான் தன் முதல் ரயிலை ஓட்டியது. 1874இல் கர்நாடிக் ரயில்வேயுடன் இணைந்து தென்னிந்திய ரயில்வே ஆயிற்று. எழும்பூர் நிலையம் எழுந்த நாளில் கம்பெனியின் தலைமையிடம் திருச்சிராப்பள்ளியிலும், பட்டறை நாகப்பட்டினத்திலும் இருந்தன. ஆகவே எழும்பூர் நிலையத்தை, சென்னையில் நிற்கும் டெல்டாவின் கட்டடம் என்றே நான் கருதுகிறேன்.

வடிவமைத்தவர் ஹென்றி இர்வின். உடன் பணியாற்றியவர் கம்பெனியின் கட்டடக் கலைஞர் பேர்ட். கட்டியவர் பெங்களூரைச் சேர்ந்த ஒப்பந்தக்காரர் சாமிநாத பிள்ளை. செலவு ஏறத்தாழ 17 லட்சம் ரூபாய். அதே ஆண்டுகளில் மைசூர் அரண்மனையும் இர்வினின் வரைபடப்படி எழுந்துகொண்டிருந்தது என்பதை நினைவிற்கொண்டால், எழும்பூரின் குவிமாடங்களும், செந்நிறச் சுவரில் ஓடும் வெண்ணிறப் பட்டைகளும், வளைவுகளும் எந்தக் கையிலிருந்து பிறந்தவை என்பது விளங்கும். முகலாயக் குவிமாடம், ஐரோப்பியக் கட்டமைப்பு, நம் நாட்டுத் தூண்வேலை ஆகியவற்றை ஒன்றாக்கிய இந்தப் பாணியை இந்தோ-சாரசெனிக் என்பர். அரசர்களுக்கும் நீதிமன்றத்துக்கும் உரியதாயிருந்த அந்தக் கம்பீரம், இங்கே மூன்றாம் வகுப்புச் சீட்டு வாங்கியவருக்கும் கிடைத்தது. இதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

எனினும் குவிமாடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவோர் பாதியைத்தான் பார்க்கிறார்கள். முகப்பைக் கடந்து உள்ளே சென்றால், நடைமேடைகளின் மேல் இரும்பு வளைவுகள் தாங்கும் உயர்ந்த கூரை விரிகிறது. வெப்பம் மேலே சென்று தங்க, கீழே நிற்பவருக்கு நிழலும் காற்றும் கிடைக்கும்படி அந்த உயரம் வைக்கப்பட்டிருக்கிறது. வண்டிகள் நடைமேடையின் ஓரம்வரை வந்து நிற்பதற்கு உள்ளேயே பாதை விட்டிருந்தார்கள். அரிசி மூட்டையும் பித்தளைப் பாத்திரமும் சுமந்து, தஞ்சாவூர், கும்பகோணம் வழியாகச் செல்லும் மெயின் லைன் ரயில் தடத்தில் வந்து இறங்கிய நம் குடும்பங்களுக்கு, குவிமாடத்தைவிட அந்தப் பாதையே பேருதவி. 1914இல் பாம்பன் பாலம் திறந்தபின், மாயவரம், தஞ்சாவூர் வழியாகத் தனுஷ்கோடிக்குச் சென்று, இலங்கைக் கப்பலுக்குப் பயணிகளைச் சேர்த்த போட் மெயில் ரயிலும் இங்கிருந்தே புறப்பட்டது. 1931இல் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் வந்து, புறநகர்ப் பயணிகளின் கூட்டமும் சேர்ந்தது. பழைய கட்டடம் அதையும் தாங்கிக்கொண்டது.

இப்போது எழும்பூரில் ஏறத்தாழ 735 கோடி ரூபாயில் மறுசீரமைப்பு நடைபெறுகிறது. பாரம்பரியக் கட்டடம் காக்கப்படும் என்கிறார்கள், அதை வரவேற்கிறேன். ஆனால் முகப்பை மட்டும் காப்பது போதாது. அந்தக் கூரையின் உயரத்தையும், வாயிலிலிருந்து நடைமேடைவரை தடையின்றிச் செல்லும் பார்வையையும், அகலமான நடைவழியையும் சேர்த்துக் காக்க வேண்டும். அங்கே தினமும் இறங்கும் டெல்டாப் பயணிகளுக்கு இதைக் கேட்கும் உரிமை முழுமையாக உண்டு. ரயில்வே நிர்வாகத்துக்கு நாம் எழுதும் விண்ணப்பத்தில் கூரை, பார்வை, நடைவழி என்ற இம்மூன்றையும் பெயர் சொல்லியே குறிப்பிடுவோம்.