மூணாம் நம்பர் மலையில யாரு இருக்காங்க

வணக்கம் நேயர்களே. மலையகத்துல இருந்து வந்த வயசானவங்க "ஒருக்கா தேயிலைத் தோட்டத்தைப் பாத்துட்டு வந்துர்றேன்"ன்னு கேட்டா நம்ம வீடுகள்ல என்ன பதில், ஒடம்பு தாங்காது, குளிரு, படி ஏறணும், பொறகு பாப்பம். பொறகுன்னு ஒண்ணு இல்லைன்னு கேக்குற ஆளுக்கு நல்லா தெரியும், நமக்குத்தான் தெரியாத மாதிரி நடிப்பு.

எங்க தாய்மாமா எண்பதைத் தாண்டியாச்சு, ஹார்ட் வீக், மகனோட வத்தளையில இருக்காரு. அடம் பிடிச்சுக் கெளம்பினாரு, மகனும் நானும் கூட போனோம். கொழும்பு கோட்டை ஸ்டேஷன்ல கோச்சி ஏறினதுல இருந்து அட்டன் தாண்டி சிங்கமலை சுரங்கம் வரைக்கும் மனுசன் வாயத் தொறக்கல, அதுக்குப் பொறகு மூடல. சென் கிளேயர் அருவியப் பாத்துட்டு "தண்ணி எங்க மருமகனே"ன்னாரு. மேல் கொத்மலை கரண்டு திட்டத்துக்குத் திருப்பிட்டாங்க மாமான்னேன். "அதையும் அனுப்பிட்டாங்களா"ன்னாரு.

1964ல இலங்கையும் இந்தியாவும் போட்ட சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துல நம்ம மலையகத் தமிழர்ல 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புறதா முடிவாச்சில்லையா, அதுல அவரு அக்கா குடும்பமும் போச்சு, நாங்க எறங்கப்போற இதே தலவாக்கலை ஸ்டேஷன்ல ஏறி தலைமன்னார், அங்கயிருந்து கப்பல்ல ராமேஸ்வரம், அப்புறம் மண்டபம் கேம்ப். லயத்து வரிசை வீடுகள்ல எந்தக் காம்பரா காலியாச்சு, யாரு நின்னான்னு, காலையில வேலைக்கு ஆள் கூடுற பிரட்டுக்களத்துல பேர் கூப்பிடுற மாதிரி சொல்லிக்கிட்டே வந்தாரு.

தோட்டத்துல லயத்துப் பக்கமே போகல. மூணாம் நம்பர் மலைன்னு சொல்ற தேயிலைப் பகுதியில அவங்க அம்மாவைப் பொதைச்ச எடத்தைத்தான் தேடினாரு. கல்லறை கட்ட நமக்கு ஏது நெலம்? 1975ல தோட்டம் கம்பெனி கையில இருந்து அரசாங்கத்துக்குப் போச்சு, 1992ல திரும்ப கம்பெனிக்கு வந்துச்சு, நம்ம செத்தவங்க பேருல ஒரு பேர்ச் நெலம்கூட எழுதல. அவரு அடையாளம் வச்சிருந்த டர்பன்டைன் மரம் இல்ல, அந்த எடமெல்லாம் புதுசா தேயிலை நட்டுட்டாங்க. ஒரு கங்காணி பாவம் பாத்து "இதுதாங்கய்யா"ன்னு ஒரு பக்கம் கையக் காட்ட, "நீ பொறக்கவே இல்லடா அப்ப"ன்னு கத்தி, மூச்சு வாங்கி, செடிக்கு நடுவுல உக்காந்துட்டாரு.

திரும்பி வர்றப்ப மகன்கிட்ட "என்னையப் பொதைக்காத, எரிச்சிரு, தேடுறதுக்கு யாரு வரப்போறா"ன்னாரு. "அப்படியெல்லாம் பேசாதீங்கப்பா"ன்னாரு மகன். எனக்குக் கோபம் வந்துருச்சு, அவரு பேசாம வேற யாரு பேசுறது? நாவலப்பிட்டி வரைக்கும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு இருந்த மகன், அதுக்குப் பொறகு "சாம்பலை எங்கப்பா கரைக்கிறது"ன்னு கேட்டாரு. கொத்மலை ஓயாவா மகாவலியான்னு கம்பஹா வரைக்கும் ரெண்டு பேருக்கும் சண்டை. ஓயா போய் மகாவலியிலதான் சேருது, அது வேற விஷயம்.