பம்பரத்தில் வைத்த கேமரா

நேயர்களுக்கு வணக்கம். சின்ன வயதில் பம்பரம் விட்டிருப்பீர்கள். சுற்றுகிற வரைக்கும் ஒற்றை ஆணியில் நிமிர்ந்து நிற்கும். வேகம் தளர்ந்தால் தலையாட்டிச் சாய்ந்துவிடும். 1960களில் பல செயற்கைக்கோள்களையும் இப்படிச் சுற்றவிட்டுத்தான் நிலையாக வைத்தார்கள். சரி, சுற்றும் பம்பரத்தில் கேமராவை வைத்து எப்படிப் படம் எடுப்பது?

1960 ஏப்ரலில் அமெரிக்கா ஏவிய டைரோஸ்-1 மேகங்களைப் படம் பிடித்தது. ஆனால் அது தாழ்வாக ஓடிய கோள். ஒரு மேகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடும்; திரும்பி வருவதற்குள் மேகம் கலைந்து எங்கோ போயிருக்கும். பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிறுத்திவிட்டால் கோளும் பூமியோடு சேர்ந்தே சுற்றும். பார்த்த இடத்தையே பார்த்துக்கொண்டிருக்கலாம்.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் வெர்னர் சுவோமியும் ராபர்ட் பேரன்ட்டும் சுழற்சியோடு மல்லுக்கட்டவில்லை. அதையே வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது. 1966 டிசம்பரில் நாசா ஏவிய ஏடிஎஸ்-1 என்ற சோதனைத் தொலைத்தொடர்புக் கோளில் அவர்களுடைய கேமராவும் ஏறியது.

கோள் பம்பரம்போலத் தன்னைத்தானே நிமிடத்துக்குச் சுமார் 100 தடவை சுற்றும். ஒரு சுற்றில் பூமி கேமராவின் கண்ணில் படுவது இருபதில் ஒரு பங்கு நேரம்தான். மற்றதெல்லாம் வெறும் இருட்டு. அந்தக் கண்ணிமைப்பில் பூமியின் குறுக்கே ஒரே ஒரு கோடு பதிவாகும். உடனே கேமரா ஒரு துளி சாயும். அடுத்த சுற்றில் அடுத்த கோடு. தறியில் ஊடை ஊடையாகத் துணி வளர்வதுபோல, சுமார் 2000 கோடுகள். இருபது நிமிடத்தில் பூமியின் ஒரு பக்கம் முழுதும் படமாகிவிடும், கறுப்பு வெள்ளையில். அடுத்த ஆண்டு போன ஏடிஎஸ்-3 வண்ணத்திலேயே எடுத்தது.

படங்களை வரிசையாக ஓடவிட்டால் மேகம் நகர்வது தெரியும். எவ்வளவு தூரம் நகர்ந்தது, எவ்வளவு நேரத்தில் என்று கணக்குப் போட்டால் காற்றின் வேகம் கிடைத்துவிடும். நடுப் பசிபிக்கில் வேறு யார் போய்க் காற்றை அளப்பது?

அப்புறம், ஏடிஎஸ்-1 கோளில் இருந்த ரேடியோ, கேமராவையும் தாண்டி உழைத்தது. 1971 முதல் ஹவாய் பல்கலைக்கழகத்தின் முயற்சியில் பசிபிக் தீவுக்காரர்கள் ஏடிஎஸ்-1 வழியாகப் பேசிக்கொண்டார்கள். பல ஆண்டுகள், தீவுக்குத் தீவு, அந்தப் பழைய பம்பரம்தான் குரலை வாங்கிக் கொடுத்தது.

வணக்கம்.